அரை டிக்கெட்டுக்கு முன் சீட் இல்லை

என் மகள் எதையும் கேட்டு அடம்பிடிக்கிற பிள்ளை அல்ல. பண்டிகைக்கு எடுத்துக் கொடுத்த துணியைக்கூட நல்லா இருக்கு என்று சொல்லிப் போட்டுக்கொள்வாள். அவள் விடாமல் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பாம்பன் பாலத்தில் போகும்போது ஒரு தடவை காரின் முன் சீட்டில் உட்கார வேண்டும். அதை நான் இப்போது அப்போது என்று வருடக்கணக்கில் தள்ளிக்கொண்டே போனேன்.

பின் சீட்டில் இருந்தால் மட்டும் கடல் தெரியாதா என்று யாரும் கேட்கலாம். நானும் அவளிடம் அதைத்தான் கேட்டேன். வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பாலத்தின் பக்கச் சுவரும் அதற்கு மேலே ஒரு துண்டு வானமும் அவள் அப்பாவின் பின்னந்தலையும்தான். முன்னால் உட்கார்ந்தால் அது வேறு கதை. மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் ரோடு நேராக வானத்துக்குள் போவதுபோல இருக்கும். உச்சிக்கு வந்ததும் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கடல் திறக்கும். கீழே ரயில் பாலம் குச்சி அடுக்கியதுபோலக் கிடக்கும். இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அவளுடைய தம்பி அங்கே உட்கார்ந்து பார்த்திருந்தான். என் மடியில்.

எங்கள் ஊர் ராமநாதபுரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மிளகாய் போடுவோம், மழை கை கொடுத்தால் நெல். என் அக்காவை ராமேஸ்வரத்தில் கட்டிக்கொடுத்திருந்ததால் வருடத்தில் பல தடவை அங்கே போக்குவரத்து உண்டு. பஸ்ஸில்தான் போய்வந்தோம். பிறகு என் வீட்டுக்காரர் பரமக்குடியில் தெரிந்தவரிடம் பழைய கார் ஒன்றை வாங்கி வந்தார். உள்ளே சீட்டுக்கெல்லாம் புதிதாகச் சிவப்பு உறை தைத்துப் போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்தோம்.

முதல் பயணத்தில் நான் முன்னால் உட்கார்ந்தேன். மகன் சின்னவன், என் மடியில் இருந்தான். மகள் பின்னால் தனியாக. தாய் மடியைவிடப் பத்திரமான இடம் ஏது என்பதுதான் என் எண்ணம். இரண்டு கையையும் அவன் வயிற்றைச் சுற்றிக் கோத்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டு ராமேஸ்வரம் வரை போனேன். கை கடுத்துப்போயிற்று. கடுத்தால் பத்திரம் என்று நினைத்தேன். ஓடுகிற வண்டி சட்டென்று நின்றால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து வைக்காது, என் உடம்பின் பாரமே அவனை நசுக்கியிருக்கும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறேன். பிள்ளைகள் மீன் சாப்பிடும்போது அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எட்டாவதோடு என் படிப்பு நின்றதும் இப்படி ஒரு பயத்தால்தான். ஒன்பதாவது படிக்க மெயின் ரோட்டைக் கடந்து பஸ் ஏற வேண்டும். என்னைப் பெற்ற அய்யா ஒரு நாள் அந்த ரோட்டோரம் நின்று லாரிகளைப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை. அய்யாவுக்கு நம்மேல் எவ்வளவு பிரியம் என்றுதான் தோன்றியது.

மகன் வளர்ந்து மடியில் அடங்காமல் போனான். கியரை எட்டி உதைத்தான். அவனையும் பின்னால் அனுப்பினோம். அன்றைக்கே மகள் ஆரம்பித்தாள்.

“தம்பிதான் எறங்கிட்டானே. இனிமே நான் முன்னாடி வரவாம்மா?”

 மடியில் இல்லாமல் ஒரு பிள்ளை அந்தக் கண்ணாடிக்கு எதிரே தனியாக உட்காருவதா? வெயில் மறைக்கிற பலகையில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு குழந்தை சீட்டில் இருக்கிறது, அதன் மேல் சிவப்பில் ஒரு கோடு. பக்கத்தில் இங்கிலீஷில் என்னவோ.

“இதுல என்ன போட்டுருக்கு, வாசி பாப்போம்.”

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். “ஏர்பேக்காம். காத்துப் பை. வண்டி இடிச்சா உள்ளயிருந்து வெடிச்சு வரும்னு டீச்சர் சொல்லிருக்காங்க.”

“வெடிச்சா?”

“வெடின்னா வெடி இல்லம்மா. பலூன் மாதிரி.”

“பலூனு எதுக்குடி வெடிச்சு வருது?”

“அய்யோ! அப்பா, நீங்க சொல்லுங்கப்பா.”

“ஒங்கம்மாட்டப் போயி வெடிங்கிற வார்த்தையச் சொல்லலாமாத்தா? போச்சு. இனிமே நானே பின்னாடி உக்காந்துதான் வண்டி ஓட்டணும்,” என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிவப்புக் கோடுதான் கண்ணில் நின்றது. கைக்குழந்தையை முதுகு முன்பக்கம் இருக்கும்படி வைக்கிற தனிச் சீட்டுக்கான படம் அது என்று மகள் வெகு நாள் கழித்துப் படித்துச் சொன்னாள். அன்று எனக்குப் பிள்ளை என்றால் பிள்ளை, கோடு என்றால் கோடு.

அவரும் ஒரு நாள் பொறுமை இழந்து கேட்டார். “ஒரு அளவச் சொல்லு. அப்புறம் அப்புறம்னா பிள்ள என்னத்தச் செய்யும்?”

எந்த அளவைச் சொல்வது? வயதா? அவள் வகுப்பில் அவள் வயதுப் பிள்ளைகள் பாதிப் பேர் அவளைவிட ஒரு சாண் உயரம். என்னைப்போல அவளும் குட்டை. யோசித்துப் பார்த்ததில் பிள்ளைகளை அளப்பதற்கென்று எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான். எங்கள் ஊருக்கு வருகிற பஸ்ஸில் படிக்கட்டை ஒட்டிய தகட்டில் ஒரு கோடு உண்டு. கோட்டுக்குக் கீழே தலை நின்றால் அரை டிக்கெட், மேலே போனால் முழு டிக்கெட். கவர்மெண்டு போட்ட கோடு. யோசிக்காமலா போட்டிருப்பார்கள்? இது வரைக்கும் பிள்ளை, இதற்கு மேல் ஆள் என்று யாரோ விவரம் தெரிந்தவர் அளந்து பார்த்துத்தானே வரைந்திருப்பார் என்று நம்பினேன்.

“அரை டிக்கெட்டுக்கு முன் சீட் இல்ல,” என்று சொன்னேன். “பஸ்ஸுக் கோட்டத் தொட்டேன்னா அன்னைக்கே முன்னாடி வா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. நான் மறுப்பாகச் சொன்னதை அவள் வாக்காக எடுத்துக்கொண்டாள்.

கார் இருந்தும் ராமநாதபுரத்துக்கு மளிகைக்கும் துணிமணிக்கும் பஸ்ஸில்தான் போவோம். ஒவ்வொரு தடவையும் ஏறியதும் அவள் நேரே அந்தத் தகட்டில் முதுகை ஒட்டி நின்றுவிடுவாள். ஜடையை உச்சியில் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். கண்டக்டர் வழக்கமாக வருகிறவர், எங்களுக்குப் பழக்கம்.

“ஏத்தா, காலக் கீழ போடு. ஊர்ல உள்ள பிள்ளையெல்லாம் இந்தக் கோட்டப் பாத்தாக் குனியுதுக. நீ என்னடான்னா எம்புற?”

“எனக்கு முழு டிக்கெட்டுக் குடுங்க.”

“வாங்கி?”

“கார்ல முன்னாடி உக்காரப் போறேன்.”

“யம்மா, கார் வச்சிருக்கீகளா? அப்புறம் எதுக்கு எங்க பஸ்ஸுல வந்து இடிபடுறீக?”

பஸ்ஸே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு அரை டிக்கெட்தான் கிழித்துக் கொடுத்தார். அதை அவள் கையில் வாங்கவில்லை. நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. மகன் அவன் அப்பாவைப்போல நெடுநெடுவென்று வளர்ந்துகொண்டிருந்தான். அக்காவின் சட்டையைத் தம்பிக்குப் போடும் வீடாக இருந்த எங்கள் வீட்டில், தம்பியின் சட்டை அக்காவுக்குச் சரியாக இருக்கிற காலம் வந்தது. ஒரு பள்ளி விடுமுறையில் பஸ் ஏறினோம். அவன் விளையாட்டாக அந்தத் தகட்டில் போய் நின்றான். அவன் தலை கோட்டைத் தாண்டியிருந்தது.

“முழு டிக்கெட்டு! அம்மா, நான் முழு டிக்கெட்டு!”

“ஏலே, அக்காளுக்கு முன்னாடி நீ பெரிய மனுசனாயிட்டியா?” என்றார் கண்டக்டர்.

மகள் அன்று தகட்டுப் பக்கம் போகவில்லை. நேரே ஜன்னலோரச் சீட்டில் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒனக்கும் வரும்டி, இந்த வருசம் வந்துரும்,” என்றேன். “ம்,” என்றாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். “என்னங்க செய்யிறது? சின்னவன முன்னாடி உக்கார வச்சா இவ மனசு விட்டுப்போகும்.”

“நீதான வெச்ச சட்டம்? இப்ப மாத்துனா அவன் அழுவான். பெரியவளையும் உக்கார விட்டுரு, முடிஞ்சுச்சு.”

“அவ கோட்டத் தொடலையே.”

“அப்ப அவனையும் உக்கார விடாத.”

“அவன் தொட்டுட்டானே.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். அவர் சொன்ன இரண்டில் எதைச் செய்திருந்தாலும் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் கீழே போயிருக்காது. எனக்கு அந்தக் கோட்டைத் தாண்டி யோசிக்கப் பயம். கோட்டுக்கு மேலே இருப்பவனுக்கு ஆபத்து வராது, கீழே இருப்பவளுக்கு வரும் என்று நானே ஒரு வேலியைக் கட்டி அதற்குள் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த முறை ராமேஸ்வரம் போனபோது மகன் முன் சீட்டில் ஏறினான். பெல்ட்டை நானே இழுத்து மாட்டிவிட்டேன். நான் பின்னால் மகள் பக்கத்தில். உச்சிப்புளி தாண்டும்வரை அவன் சும்மா வந்தான். மண்டபம் வந்ததும் ஆரம்பித்துவிட்டான்.

“அக்கா, ஏறுது, ஏறுது! அக்கா, ரோடே தெரியல, வானந்தான் தெரியுது! கடல்ல நிக்கிற போட்டெல்லாம் பொம்ம மாதிரி இருக்கு, அக்கா!”

அவளுக்குச் சொல்ல வேண்டும் என்ற பிரியத்தில்தான் சொன்னான். அவள் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

உச்சிக்குப் பக்கத்தில், எங்களுக்கு முன்னால் போன வெளியூர் வண்டி ஒன்று திடீரென்று நின்றது. கடலைப் பார்த்ததும் பாலத்து நடுவிலேயே வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கிறவர்கள் எப்போதும் உண்டு. என் வீட்டுக்காரர் பிரேக்கை அழுத்தினார். இடிக்கவில்லை. இடையில் ஒரு ஆள் நுழைகிற இடம் இருந்தது. நானும் மகளும் முன் சீட்டுகளின் முதுகில் போய் மோதினோம். எங்களுக்குப் பெல்ட் இல்லை. மகன் “ஆ” என்றான். அப்புறம் சத்தம் இல்லை.

எட்டிப் பார்த்தேன். பெல்ட் அவன் தோளில் இல்லை. கழுத்துக்குக் குறுக்கே அறுத்துக்கொண்டு கிடந்தது. இறுக்கம் தாங்காமல் அவன் இரண்டு கையாலும் அதை இழுத்துப் பிடித்திருந்தான். கழுத்தில் சிவப்பாக ஒரு தடம்.

“போட்டோ எடுக்கானுகளாம் போட்டோ!” என்று அவர் ஜன்னல் வழியே கத்திக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய் அவனை அவிழ்த்தேன். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. அந்தப் பொத்தானை எப்படி அமுக்குவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

“கோட்டத் தாண்டிட்டானே, கோட்டத் தாண்டிட்டானே,” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகள்தான் பின் சீட்டிலிருந்து சொன்னாள். அவள் சத்தம் போடவில்லை.

“அது டிக்கெட்டுக்குப் போட்ட கோடும்மா. கழுத்துக்கா போட்டாங்க?”

அவனை இறக்கிப் பின் கதவைத் திறந்தேன். தம்பியைத் தன் பக்கம் இழுத்து உட்கார வைத்து, அவன் கழுத்தில் தண்ணீரைத் தொட்டுத் தடவினாள். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். என் தோளில் அந்தப் பெல்ட் எங்கே உட்காருகிறது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வீடு திரும்பியதும் பிள்ளைகள் இரண்டு பேரும் பின் சீட்டைக் குடைந்தார்கள். சிவப்பு உறைக்கு அடியில், நாங்கள் ஆசையாய்த் தைத்துப் போட்ட அதே உறைக்கு அடியில், பின்னால் இருக்கிறவர்களுக்கான பெல்ட் மாட்டுகிற கொக்கிகள் புதைந்து கிடந்தன. உறையைக் கத்தரியால் வெட்டி வெளியே எடுத்தார்கள். கூடவே நிலக்கடலைத் தொலியும் ஒரு ஹேர்பின்னும் வந்தன. பின் சீட்தான் பத்திரம் என்று அவளிடம் அத்தனை நாள் வாதாடியிருக்கிறேன். அந்தப் பத்திரமான இடத்தில் அவளைப் பிடித்து நிறுத்த ஒரு வாரைக்கூட வைக்கவில்லை.

அளவு எது என்பதையும் அவளே அப்பாவின் போனில் தேடிப் படித்தாள். எனக்குப் புரியும்படி சொன்னாள். “முதுகு சீட்ல ஒட்டி உக்காரணும். அப்படி உக்காந்தா முட்டி சீட்டு ஓரத்துல மடங்கணும், பாதம் கீழ படணும். பெல்ட்டு தோள் நடுவுல வரணும், கீழ வார வாரு இடுப்பு எலும்புல இருக்கணும், வயித்துல ஏறக் கூடாது. இதெல்லாம் வந்துட்டாலும் சின்னப் பிள்ளைக பின்னாடி இருக்குறதுதான் நல்லதாம். நம்ம ரெண்டு பேருக்கும் இப்ப வராது, தம்பி.” கடைசி வரியை அவள் தம்பியைப் பார்த்துச் சொன்னாள். அவன் பரவாயில்லை என்றான். கழுத்துத் தடம் ஆறும்வரை அவனுக்கும் முன் சீட் ஆசை இல்லை.

இப்போது என் கையில் சரியான அளவு இருந்தது. அந்த அளவை வைத்துக்கொண்டு நான் செய்தது என்ன என்பதுதான் எனக்கு ஆறாமல் இருக்கிறது.

வருடங்கள் போயின. அவள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். குட்டைதான், ஆனாலும் வளர்ந்தாள். ஒவ்வொரு பயணத்திலும் நான் முன்னாலிருந்து திரும்பி அவளைப் பார்ப்பேன். பெல்ட் முதலில் கழுத்தோரம் இருந்தது. பிறகு தோள் முனைக்கு வந்தது. ஒரு தை மாதம் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். பெல்ட் தோள் நடுவில் அழகாகப் படிந்திருந்தது. பாதம் இரண்டும் கீழே பதிந்திருந்தன. அதற்கான வயதும் ஆகிவிட்டது. அவள் சொன்ன அத்தனையும் வந்துவிட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று தோன்றியது. எதற்கு இன்னும் கொஞ்சம் என்று கேட்டால் பதில் இல்லை. பாலத்தில் காற்று அதிகம் என்று ஒரு தடவை. ஆடி அமாவாசைக் கூட்டம், வண்டி அதிகம் என்று ஒரு தடவை. அவர் கேட்டார், “இன்னுமா? கலியாணம் முடிச்சுத்தான் விடுவியா?” அவள் மட்டும் கேட்கவே இல்லை. கேட்காததைப் பார்த்து அவளுக்கு ஆசை போய்விட்டது, நல்லதுதான் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

போன வருடம் அவளுக்கு ராமேஸ்வரத்தில் பள்ளிகளுக்கு இடையே ஒரு போட்டி. கூடப் படிக்கிற பெண்ணின் அப்பா காரில் கூட்டிப்போவதாகச் சொன்னார். அதற்கே நான் முதல் நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. சாயங்காலம் பத்திரமாக வந்து சேர்ந்தாள். நான் முற்றத்தில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். மகன் உள்ளேயிருந்து ஓடிவந்து சொன்னான்.

“அம்மா, அக்கா இன்னைக்கு முன் சீட்ல உக்காந்து பாலத்தப் பாத்துருச்சு!”

“ஏலே, ஒன்ட்டச் சொன்னேன் பாரு,” என்று அவள் அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

“அந்தப் பிள்ளைக்கு முன்னாடி உக்காந்தா வாந்தி வருமாம், அதான்,” என்று என்னிடம் காரணம் சொன்னாள். தப்புச் செய்த பிள்ளை காரணம் சொல்வதுபோல.

எத்தனை வருட ஆசை. எனக்கு வாயில் முதலில் வந்தது இதுதான்:

“பெல்ட்டுப் போட்டியா?”

“போட்டேன்.”

“கழுத்துல வந்துச்சா, தோள்ல வந்துச்சா?”

“தோள்லதாம்மா வந்துச்சு. நம்ம வண்டியிலயும் இப்ப அங்கனதான் வருது. நீதான் திரும்பித் திரும்பிப் பாத்தியே.”

சண்டையாகச் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே அவளும் தம்பியும் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் போனால் பேச்சு நின்றுவிடும் என்று தெரியும். மிளகாய் நெடி கண்ணில் ஏறியது. அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்கடுத்த பயணத்தில் முன் கதவை நானே திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

“வாத்தா, நீ உக்காரு. நான் பின்னாடி வாரேன்.”

“நீயே உக்காரும்மா. ஒனக்கு முட்டி வலிக்கும். எனக்கு இங்கனயே பழகிருச்சு.”

நான் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. ஏறி உட்கார்ந்தேன். பின்னால் அவள் கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது. பாலத்தில் ஏறி, உச்சி வந்து, இரண்டு பக்கமும் கடல் திறந்தபோது துணிந்து கேட்டுவிட்டேன்.

“அன்னைக்கு எப்படி இருந்துச்சு, இங்கன இருந்து பாக்கையில?”

“நல்லா இருந்துச்சும்மா,” என்றாள்.

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று பாம்பன் இறக்கம் வரை பின்பக்கம் திரும்பியபடியே இருந்தேன்.